மூன்று டிகிரிக்கு ஒரு சதவீதம்

மும்பைக்குக் குளிர்காலமே கிடையாது என்று சென்னைக்காரர்கள் சொல்வதுண்டு. அதை அவர்கள் சொல்வதுதான் வேடிக்கை. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தின் பதிவேட்டில் 1962 ஜனவரி 22 அன்று 7.4 டிகிரி என்று இருக்கிறது. 1956 மார்ச் 28 அன்று 41.7 டிகிரி. இரண்டும் அபூர்வ நாட்கள். சாதாரண ஆண்டில் ஜனவரி விடியற்காலை 17, 18 டிகிரி, மே மாத மதியம் 34, 35. இந்தப் பதினேழு டிகிரிக்குள்தான் நகரத்தின் வருடம் ஓடி முடிகிறது.

செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு ஸ்கூட்டரில் போகிறவரின் சீட்டுக்கு அடியில் நிலவரம் வேறு. காலையில் வண்டியை எடுக்கும்போது இன்ஜின் இழுக்கும் காற்று 28 டிகிரி. சயான் நெரிசலில் மாட்டி, கிங்ஸ் சர்க்கிளில் வெயிலில் நிறுத்திவிட்டு, கடைக்குள் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்து ஸ்டார்ட் செய்தால் அதே இடத்தில் 60, 65 டிகிரி இருக்கும். ஊரின் வெப்பநிலை ஒரு வருடத்தில் மாறுவதைவிட அந்தச் சின்ன இடுக்கில் அரை மணி நேரத்தில் மாறுவது அதிகம். எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று கணக்குப் போடும் சின்னக் கணினிக்கு மும்பை வானிலை ஒரு பொருட்டே இல்லை. அதைத் திணறடிப்பது இந்த இடுக்குதான்.

கணக்கின் அடிப்படை பழையது. காற்று சூடானால் விரியும். விரிந்தால் ஒரே பாத்திரத்துக்குள் குறைவாகத்தான் கொள்ளும். பலூன் பித்துப் பிடித்த பிரெஞ்சுக்காரர் ஜாக் சார்ல்ஸ் 1787 வாக்கில் இதை அளந்து பார்த்தார், அச்சில் வெளியிடவில்லை. 1802-ல் கே-லுசாக் வெளியிட்டபோது சார்ல்ஸ் முன்பே கண்டதைக் குறிப்பிட்டார். விதிக்குச் சார்ல்ஸின் பெயர் நிலைத்துவிட்டது. பலூனுக்குள் இருக்கும் சூடான காற்று லேசாகி மேலே தூக்குகிறதே, அதே காரணத்தால்தான் மே மாத மதியத்தில் வண்டி கொஞ்சம் சோம்பலாக இழுக்கிறது.

கணக்கு போடும்போது நம் டிகிரியோடு 273 கூட்டிக்கொள்ள வேண்டும். 18 டிகிரி என்பது 291. 35 டிகிரி என்பது 308. இரண்டையும் வகுத்தால் மே மாத மதியக் காற்று ஜனவரி விடியற்காலைக் காற்றைவிட ஐந்தரை சதவீதம் மெல்லியது என்று வரும். மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கு வழி உண்டு: மூன்று டிகிரி ஏறினால் காற்று ஒரு சதவீதம் குறைகிறது. மேலே சொன்ன அபூர்வ நாட்கள் இரண்டையும் எடுத்தால்கூட வித்தியாசம் 12 சதவீதத்தைத் தாண்டாது. சீட்டுக்கு அடியிலோ, 28 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போனாலே 11 சதவீதம்.

பெட்ரோலுக்கு ஏன் இதில் அக்கறை? பெட்ரோல் எரிவது காற்றின் எடைக்கு ஏற்ப. இடத்துக்கு ஏற்ப அல்ல. ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இன்ஜினின் சிலிண்டரோ இடத்தை மட்டும்தான் அறியும். 110 சிசி ஸ்கூட்டர் ஒவ்வொரு முறையும் 110 மில்லிலிட்டர் காற்றை இழுக்கப் பார்க்கிறது. முழுதாக நிரம்பாது, எண்பது சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் அந்தக் காற்றின் எடை 106 மில்லிகிராம், அதற்குத் தேவையான பெட்ரோல் 7.2 மில்லிகிராம். 35 டிகிரியில் காற்று 101 மில்லிகிராம், பெட்ரோல் 6.9. அது ஒரு சொட்டுப் பெட்ரோலில் ஒரு பகுதி மட்டுமே. வண்டி நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது இப்படி ஒரு வினாடிக்கு ஐம்பது முறை தெளிக்க வேண்டும். வித்தியாசம் 0.3 மில்லிகிராம்தானே என்று விட்டுவிட முடியாது. அது நான்கைந்து சதவீதம்.

கார்ப்ரேட்டர் காலத்தில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள் என்று கேட்கலாம். கார்ப்ரேட்டரே பாதி பார்த்துக்கொண்டது. அதன் குறுகிய கழுத்து வழியாகக் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் ஜெட் என்ற நுண்துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. காற்று மெலிந்தால் உறிஞ்சும் வலுவும் குறைகிறது. ஆனால் காற்று எந்த விகிதத்தில் குறைகிறதோ, பெட்ரோல் அதன் வர்க்கமூல விகிதத்தில்தான் குறையும். காற்று ஆறு சதவீதம் மெலிந்தால் பெட்ரோல் மூன்று சதவீதம்தான் குறைகிறது. மீதி மூன்று சதவீதம் கலவையில் கூடுதலாக நிற்கும். மெக்கானிக் பாஷையில், வண்டி ‘ரிச்’.

குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த பத்மினி டாக்சிகள் இந்த மூன்று சதவீதத்தோடுதான் நகரத்தைச் சுற்றி வந்தன. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மூக்கின் நிறத்தைப் பார்ப்பார் மெக்கானிக். காப்பித்தூள் நிறமாக இருந்தால் சரி; கரியாக அடைந்திருந்தால் ரிச்; வெளுத்திருந்தால் லீன். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பிவிட்டு அனுப்பிவிடுவார். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள மும்பையில் தேவை இருக்கவில்லை. குளிர்ந்த நாடுகளில் ஓடிய பல கார்களின் ஏர் ஃபில்டரில் கோடை, குளிர் என்று இரண்டு நிலை உள்ள ஒரு கைப்பிடி இருந்தது. குளிரில் சைலன்சர் குழாயை ஒட்டிய சூடான காற்றை இழுக்கும்படி திருப்பிக்கொள்வார்கள். நம் ஊரில் தொல்லை நேர் எதிராக வந்தது. கோடையில் காட் எனப்படும் மலைப்பாதையில் ஏறும்போது ஏசி பம்ப் என்று அழைக்கப்பட்ட பெட்ரோல் பம்ப் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிக் குமிழாக நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கி ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றுவார். இன்ஜின் அறையின் வெப்பத்துக்கு மனிதக் கையால் செய்யப்பட்ட திருத்தம் அது.

மூன்று சதவீதப் பிழையை இன்ஜின் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காதது சைலன்சருக்குள் இருக்கும் வினையூக்கி. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் ஒரே சமயத்தில் அழிக்க வேண்டுமென்றால் கலவை 14.7-ஐ ஒட்டி ஏறத்தாழ ஒரு சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். கொஞ்சம் ரிச் ஆனால் முதல் இரண்டும் தப்பிப் போகும். கொஞ்சம் லீன் ஆனால் மூன்றாவது. பாதி மட்டும் திருத்திக்கொள்ளும் கார்ப்ரேட்டருக்கு அங்கே இடமில்லை; கணினி சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்தான் வேண்டும். கார்களில் 2000-ஐ ஒட்டி எம்பிஎஃப்ஐ என்ற எழுத்துகள் டிக்கியில் ஒட்டப்பட்டு வரத் தொடங்கின. இரு சக்கர வண்டிகள் இருபது வருடம் இழுத்தடித்தன. ஹீரோ ஹோண்டா 2006-ல் கிளாமரை இன்ஜெக்டரோடு விற்றது. பஜாஜ் 2007-ல் பல்சர் 220-ஐ இன்ஜெக்டரோடு கொண்டுவந்து, 2009-ல் அதே வண்டியைக் கார்ப்ரேட்டருக்கு மாற்றி விலையைக் குறைத்தது; வண்டி அமோகமாக விற்றது. வாடிக்கையாளருக்கு விருப்பமில்லாத தொழில்நுட்பத்தைச் சட்டம்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 மாசு விதி வந்ததும் ஸ்ப்ளெண்டர்வரை ஏறக்குறைய எல்லாம் இன்ஜெக்டருக்கு மாறின. அதோடு அவற்றில் காற்றின் வெப்பநிலையை அளக்கும் ஒரு சென்சாரும் ஏறிக்கொண்டது.

அந்த சென்சார் மிளகு அளவே உள்ள ஒரு குண்டுமணி. உலோகங்களில் சூடு ஏறினால் மின்தடை கூடும், இதில் குறையும். 1833-ல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் இந்தத் தலைகீழ்க் குணத்தைக் கவனித்தார். இன்று கார்களில் பரவலாக இருக்கும் ஒரு வகையில் 20 டிகிரிக்கு 2,500 ஓம், 40 டிகிரிக்கு ஏறத்தாழ 1,200, 60 டிகிரிக்கு 600, 80 டிகிரிக்கு 300 சொச்சம். கணினி 5 வோல்ட் கொடுத்து, சென்சாரில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்து, உள்ளே இருக்கும் அட்டவணையில் டிகிரியைப் படிக்கிறது. பிறகு அந்த டிகிரிக்குரிய திருத்தத்தைப் பெருக்கி, இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்கிறது. 1967-ல் ஃபோல்க்ஸ்வாகன் 1600 காரில் வந்த பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக்கிலேயே காற்றுக்கு ஒரு வெப்ப சென்சார் இருந்தது. அன்றிலிருந்து யோசனை மாறவில்லை; டிரான்சிஸ்டர் போர்டு சிப்பாகச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

விலை கூடிய கார்களில் காற்றின் எடையையே நேரடியாக அளக்கும் சூட்டுக்கம்பி சென்சார் இருக்கும். அங்கே இந்தக் கணக்கின் பெரும்பகுதி தேவைப்படாது. நம் ஸ்கூட்டர்களிலும் பல சிறிய கார்களிலும் இன்டேக் குழாயின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வைத்துக்கொண்டு எடையை ஊகிக்கிறார்கள். மலிவான வழி. வெப்பநிலை தப்பினால் எடையும் தப்பும்.

சைலன்சரில் ஆக்சிஜன் சென்சார் ஒன்று இருக்கிறதே, கலவை தப்பினால் அது சொல்லிவிடாதா? சொல்லும், எரிந்து முடிந்த பிறகு. சாம்பாரை இறக்கிவைத்த பின் உப்பு பார்ப்பதைப் போல. தொடர்ந்து கொதிக்கும் அண்டாவில் அடுத்த கரண்டியைத் திருத்த அது உதவும். போட்டதை எடுக்க உதவாது. தவிர, அந்த சென்சாரே 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வாய் திறக்கும். ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் அதனால் பயன் இல்லை. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகும்போது கணினியே வேண்டுமென்று கொஞ்சம் ரிச்சாகக் கொடுத்து, அதன் பேச்சைக் கேட்காமல் விட்டுவிடும். இந்த இரண்டு வேளையிலும் காற்றின் வெப்பநிலையை நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

இப்போது சீட்டுக்கு அடியில் இருக்கும் இடுக்குக்கு வருவோம்.

தாராவி 90 அடிச் சாலையில், பாதிப் பலகைகள் தமிழில் இருக்கும் அந்த நீளத்தில், மெக்கானிக் கடை வாசலில் மே மாதத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

“அண்ணே, காலையில நல்லா ஓடுது. நிறுத்திட்டு வந்து எடுத்தா முக்குது. இன்ஜெக்டர் க்ளீன் பண்ணியாச்சு, பிளக் மாத்தியாச்சு.”

“பெட்ரோல் எங்க போட்ட தம்பி?”

பெட்ரோல் மேல் பழி போடுவது எளிது. மஹுல் சுத்திகரிப்பு ஆலைகள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. பின்னாளில் எஸ்ஸோ என்று பெயர் மாறிய நிறுவனத்தின் ஆலை 1954-லும் பர்மா ஷெல்லின் ஆலை 1955-லும் ஓடத் தொடங்கின, இன்று எச்பிசிஎல், பிபிசிஎல். ஆனால் இந்த முக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பெட்ரோல் இல்லை. ஓடும் வண்டியில் காற்று உள்ளே பாய்ந்துகொண்டே இருப்பதால் சென்சார் குளிர்ச்சியாக இருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் இன்ஜினின் சூடு மேலே ஏறி, த்ராட்டில் பாடியையும் அதில் பதிந்திருக்கும் சென்சாரையும் வேகவைக்கிறது. மறுபடி ஸ்டார்ட் செய்யும் கணத்தில் சென்சார் 65 டிகிரி என்கிறது. வெளியிலிருந்து வரும் காற்றோ 33 டிகிரி. சார்ல்ஸ் விதியை அப்படியே நம்பும் கணினி ஒன்பது, பத்து சதவீதம் பெட்ரோலைக் குறைத்துவிடும். கலவை லீன். ஆக்சிஜன் சென்சார் ஆறியிருக்கிறது, திருத்த ஆளில்லை. வண்டி முக்குகிறது. அரை நிமிடம் காற்று ஓடியதும் சென்சார் குளிர்ந்து, எல்லாம் சரியாகிவிடும். மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது வண்டி சமர்த்தாக ஓடும்.

சென்சார் பொய் சொல்லவில்லை. தன் உடம்பின் சூட்டைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது சிலிண்டருக்குள் போகும் காற்றின் சூடு. இரண்டும் ஒன்றல்ல. இன்ஜின் ட்யூனிங்கில் வெப்பநிலைத் திருத்தம் என்பதன் மொத்தச் சாமர்த்தியமும், சென்சாரை எந்த வேளையில் எவ்வளவு நம்புவது என்பதில்தான் இருக்கிறது.

காற்று சென்சாரைத் தாண்டியதும் சூடான குழாயையும் வால்வையும் உரசிக்கொண்டு போகிறது. ஐடிலிங்கில் காற்று குறைவு, வேகமும் குறைவு. சுவரோடு நிறைய நேரம் பழகி நன்றாகச் சூடேறும். முழு வேகத்தில் பழக நேரமில்லை. எனவே கணினி காற்று சென்சாரின் டிகிரியையும் இன்ஜினின் டிகிரியையும் கலந்து ஓர் ஊகத்தை எடுக்கிறது. உதாரணத்துக்கு சென்சார் 35, இன்ஜின் 90 என்றால், ஐடிலிங்கில் காற்றை 60 டிகிரி என்றும் முழு வேகத்தில் 40 டிகிரி என்றும் வைத்துக்கொள்ளும். எந்தக் காற்றோட்டத்துக்கு எந்தப் பங்கு என்ற அட்டவணையை நிரப்புவதற்குத்தான் கம்பெனிகள் வண்டியை ராஜஸ்தான் வெயிலிலும் லடாக் குளிரிலும் ஓட்டிப் பார்க்கின்றன. சூடான மறு ஸ்டார்ட்டுக்குத் தனியாகச் சில வினாடிகள் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. சொந்தமாக ட்யூன் செய்பவர்கள் செய்யும் பொதுவான தவறு, சார்ல்ஸ் விதியை 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிவரை நேர்மையாக அட்டவணையில் ஏற்றிவிடுவது. அனுபவப்பட்டவர் 50 டிகிரிக்கு மேல் திருத்தத்தைத் தட்டையாக்கிவிடுவார். அந்த எண் வந்தால் அது காற்றாக இருக்காது, சென்சாரின் காய்ச்சல் என்று அவருக்குத் தெரியும். இயற்பியல் படித்தவருக்கு இது அபச்சாரமாகத் தோன்றும்; வண்டி ஓட்டுபவருக்கு இதுதான் சரி.

பொய்யும் சில சமயம் வரும், சென்சாரிலிருந்து இல்லாமல் கனெக்டரிலிருந்து. உப்புக் காற்றும் நான்கு மாத மழையும் உள்ள ஊரில் செம்பு முனைகள் பச்சை பிடிக்கும். அந்தக் களிம்பு 500 ஓம் கூடுதல் தடையாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தடை கூடினால் கணினிக்குக் குளிர். 33 டிகிரிக் காற்றை 25 என்று படிக்கும். இரண்டரை சதவீதம் பெட்ரோல் அதிகம். 60 டிகிரியை 42 என்று படிக்கும். ஐந்து சதவீதத்துக்கு மேல் அதிகம். எச்சரிக்கை விளக்கு எரியாது. 25 டிகிரியும் 42 டிகிரியும் நடக்கக்கூடிய எண்கள்தானே, கணினி ஏன் சந்தேகப்பட வேண்டும்? ஒயர் முழுக்க அறுந்தால்தான் அது மைனஸ் 40 என்று படித்து, மும்பையில் இது நடக்காது என்று முடிவுகட்டி, விளக்கைப் போட்டு, மனதில் வைத்திருக்கும் ஓர் உத்தேச எண்ணை வைத்து ஓட்டும். ஸ்கேனரில் பி0113 என்று வரும். அரைகுறைப் பழுதைவிட முழுப் பழுது மேல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

மும்பைக்கே உரிய இன்னொரு விஷயம் புழுக்கம். ஜூலையில் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால், காற்றின் 1,000 மில்லிபார் அழுத்தத்தில் ஏறத்தாழ 34 மில்லிபார் நீராவியுடையது. நீராவி எதையும் எரிக்க உதவாது. ஆக்சிஜன் இருந்திருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. மூன்றரை சதவீத இடம் போயிற்று. மூன்று டிகிரிக்கு ஒரு சதவீதம் என்ற கணக்கில் பார்த்தால் பத்து டிகிரிக்குச் சமம். அதாவது, ஜூலை மும்பையின் 30 டிகிரி, இன்ஜினுக்கு வறண்ட ஊரின் 40 டிகிரி. வெப்ப சென்சாருக்கு இது தெரியாது. அழுத்த சென்சாருக்கும் தெரியாது; நீராவியையும் காற்று என்றே எண்ணிக்கொள்ளும். எனவே மழைக்கால வண்டி இயல்பாகவே கொஞ்சம் ரிச்சாகத் தொடங்கும். ஆக்சிஜன் சென்சார் விழித்த பிறகுதான் சீராகும்.

டாக்சிகளின் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. மும்பை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2000-களில் நகரத்தின் டாக்சிகள் வரிசையாக சிஎன்ஜிக்கு மாறின. 1995-ல் தொடங்கப்பட்ட மகாநகர் கேஸ் நிறுவனம் எரிவாயுவைக் கொடுத்தது. பத்மினியின் கார்ப்ரேட்டர் மேலேயே ஒரு மிக்சரைப் பொருத்தி ஓட்டினார்கள். கடைசிப் பத்மினி டாக்சி தார்தேவ் ஆர்டிஓவில் 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. இருபது வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30 முதல் அந்த இனமே தெருவில் இல்லை. இன்று ஓடும் வேகன்ஆர் சிஎன்ஜிகளில் வாயுவையே இன்ஜெக்டர் தெளிக்கிறது.

பெட்ரோல் திரவமாக வந்து ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சும். முழுக்கக் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டால் காற்று இருபது டிகிரிக்குமேல்கூடக் குளிரலாம். நடைமுறையில் பாதிக்கு மேல் சூடான வால்விலிருந்து எடுத்துக்கொள்வதால் அவ்வளவு கிடைப்பதில்லை. சிஎன்ஜி ஏற்கெனவே வாயு. குளிர்ச்சி எதுவும் தராது. அதோடு சிலிண்டர் இடத்தில் ஒன்பதரை சதவீதத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. சிஎன்ஜி டாக்சி மேம்பாலம் ஏறும்போது பெருமூச்சு விடுவதற்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் காரணம். இன்னும் ஒரு சங்கடம்: வாயுவுக்கும் சார்ல்ஸ் விதி பொருந்தும். 200 பார் அழுத்தத்தில் அடைத்துவைத்த வாயு ரெகுலேட்டரில் விரியும்போது ஐஸாகக் குளிரும்; உறைந்துவிடாமல் இருக்க ரேடியேட்டர் தண்ணீரை அதைச் சுற்றி ஓடவிடுகிறார்கள். வாயு எத்தனை டிகிரியில் இன்ஜெக்டருக்கு வருகிறது என்பதையும் கணினி அளக்க வேண்டும். காற்றுக்கு ஒரு திருத்தம், எரிபொருளுக்கு ஒரு திருத்தம். வெளியில் மலிவாகப் போடும் கிட்டுகளில் இந்த இரண்டாவதை ஒழுங்காக அமைக்காமல் விடுவது சகஜம். வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒரு மாதிரி, சூடானதும் ஒரு மாதிரி ஓடும்.

போர் காட் ஏறி லோனாவளா போனால், அறுநூறு மீட்டர் உயரத்தில் காற்று ஏழு சதவீதம் மெலிந்திருக்கும். இதை அழுத்த சென்சார் பிடித்துவிடுகிறது. வெப்ப சென்சாருக்கு வேலை குறைவு. மும்பை போன்ற கடலோர ஊர்களின் பொறியியல் மாணவர்கள் கட்டும் பந்தயக் கார்களுக்கு இரண்டும் தேவைப்படும். ஜனவரியில் கோயம்புத்தூரின் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு நாடெங்குமிருந்து அணிகள் வருகின்றன. கடல் மட்டத்துப் புழுக்கத்தில் ட்யூன் செய்த வண்டி, நானூறு மீட்டர் உயரத்தில், வறண்ட காற்றில், அதிகாலைக் குளிரிலும் மதிய வெயிலிலும் ஓட வேண்டும். அட்டவணையின் குளிர்ப் பக்கத்தைப் பலரும் ஊரில் நிரப்பிப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. பகல் வேளைக் கல்லூரிப் பட்டறையில் 18 டிகிரிக்கு எங்கே போவது?

எரிபொருளும் மாறிக்கொண்டிருக்கிறது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7 வேண்டாம், 13.5 போதும். எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டரை மடங்கு சூட்டை உறிஞ்சும். சூடான நாளில் அது லாபம். பெட்ரோலை மட்டும் மனதில் வைத்து நிரப்பிய பழைய அட்டவணைகளுக்கு அது புதுப் புதிர்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டால் சில செலவுகளைத் தவிர்க்கலாம். ‘பவர் சிப்’, ‘மைலேஜ் சிப்’ என்று சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்பவற்றில் பல, பிளாஸ்டிக் டப்பிக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர்தான். அதைக் காற்று சென்சாரின் ஒயரில் போடச் சொல்வார்கள். கணினிக்கு எந்நேரமும் குளிர்காலம். பச்சை பிடித்த கனெக்டர் இலவசமாகச் செய்வதைக் காசு கொடுத்துச் செய்வது அது. சீரான ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் அந்தக் கூடுதலைக் கழித்துவிடும். ஆக்சிலேட்டரைத் திருகும்போது பெட்ரோல் வீணாகும். மேலும், சூடான காற்றில் இன்ஜின் தட்டாமல் இருக்கக் கணினி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். காற்று குளிர்ச்சி என்று ஏமாற்றினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். கம்பெனி ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரை பானெட்டுக்குள் மாட்டுவதும் இதே ரகம். சத்தம் கம்பீரமாக இருக்கும், இழுப்பது இன்ஜின் அறையின் 60 டிகிரிக் காற்றை. கம்பெனி அந்தக் குழாயை வெளிக்காற்றில் கொண்டுபோய் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது; தண்ணீர் ஏறாத உயரத்தில் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்ததைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் வண்டி சூடானதும் முக்கினால், அல்லது காரணமில்லாமல் பெட்ரோல் குடித்தால், இன்ஜெக்டரில் கைவைக்கும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரை மாட்டச் சொல்லுங்கள். காற்றின் டிகிரியும் இன்ஜினின் டிகிரியும் அன்றைய வெளி வெப்பநிலையோடு மூன்று நான்கு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். இன்ஜின் ஒத்துப்போய், காற்று மட்டும் எட்டுப் பத்து டிகிரி குளிராகக் காட்டினால், சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கித் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. உதிரி பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.